விலை சொன்ன பிறகு: சுற்றுச்சூழல் குறித்து நாடுகள் தரும் பதில்கள்



சுற்றுச்சூழல் பாதுகாப்பு பற்றிப் பல நாட்டு மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை ஒப்பிட்டுப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். இப்படி ஒரு தலைப்பைக் கேட்டதும் நம் மனதில் தானாகவே ஒரு தரவரிசை எழுந்துவிடும். மேலே ஸ்வீடன், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து; நடுவில் எங்கோ அமெரிக்கா; அடியில் நாமும் நைஜீரியாவும் வங்கதேசமும். வசதி வந்தவர்களுக்கு இயற்கைமேல் அக்கறை வரும், சோற்றுக்கு அல்லாடுகிறவர்களுக்கு அதெல்லாம் அப்புறம்தான் என்ற எண்ணம் இதற்கு அடித்தளம். இது சரியல்ல என்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் நம் வகுப்பறைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் அது இன்னும் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் ஐ.நா.வின் மனிதச் சூழல் மாநாடு நடந்தது. விருந்தளித்த நாட்டின் பிரதமர் ஓலோப் பால்மேயை விட்டால், அங்கே வந்திருந்த ஒரே அரசுத் தலைவர் இந்திரா காந்தி. வறுமையும் தேவையும்தானே மாசுபடுத்துவதில் முதலிடம் வகிக்கின்றன என்ற பொருளில் அவர் அங்கே ஒரு கேள்வி எழுப்பினார். காட்டில் வாழ்கிறவர்களின் அன்றாடத் தேவைகளுக்கு வழி செய்யாமல் காட்டைக் காப்பாற்றச் சொல்வதில் அர்த்தமில்லை என்பது அவர் வாதம். பிற்காலத்தில் அந்தக் கேள்விக்குறி உதிர்ந்துபோனது. ஏழைகளுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை கிடையாது என்ற தீர்ப்பாக அதை ஆளுக்கொரு விதமாக எடுத்தாண்டார்கள்.

இந்தத் தீர்ப்புக்குக் கல்விப்புல மதிப்பும் கிடைத்தது. அமெரிக்க அரசியல் அறிஞர் ரொனால்ட் இங்கிள்ஹார்ட் 1977-ல் ‘மௌனப் புரட்சி’ என்ற பொருளுள்ள தலைப்பில் ஒரு நூல் எழுதினார். போருக்குப் பின் பசியும் அச்சமும் இல்லாமல் வளர்ந்த மேற்கத்தியத் தலைமுறை, சம்பளம், சட்டம் ஒழுங்கு என்பதைத் தாண்டிக் கருத்துச் சுதந்திரம், வாழ்க்கைத் தரம், இயற்கை ஆகியவற்றை மதிக்கத் தொடங்கிவிட்டது என்பது அதன் சாரம். 1981-ல் தொடங்கிய உலக விழுமியக் கணிப்புக்கு முதுகெலும்பாக இருந்தவரும் அவர்தான். ஐரோப்பாவைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஜெர்மனியின் பசுமைக் கட்சி 1983-ல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததை வேறு எப்படி விளக்குவது?

சிக்கல் 1992-ல் வந்தது. ரியோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டை ஒட்டி, கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனத்துக்காகச் சமூகவியலாளர் ரைலி டன்லப் 24 நாடுகளில் ஒரு கணிப்பு நடத்தினார். இந்தியா, நைஜீரியா, பிலிப்பைன்ஸ், பிரேசில் ஒரு பக்கம்; டென்மார்க், ஜப்பான், அமெரிக்கா மறுபக்கம். ஏழை நாட்டு மக்களின் கவலை பணக்கார நாட்டாரின் கவலைக்குச் சளைத்ததாக இல்லை. தங்கள் ஊர்த் தண்ணீரும் காற்றும் கெட்டுக் கிடக்கின்றன என்று சொன்னதில் அவர்களே முந்தினார்கள். இங்கிள்ஹார்ட் 1995-ல், 43 சமூகங்களின் தரவுகளோடு, பதில் சொன்னார். ஏழை நாட்டுக்காரர்கள் கவலைப்படுவது சாக்கடை வாசலில் ஓடுவதால்; நார்டிக் நாட்டவரும் டச்சுக்காரர்களும் கவலைப்படுவது அவர்களுடைய விழுமியத்தால். எனக்கு இது கௌரவமான பின்வாங்கலாகவே படுகிறது. இருமுனையிலும் ஒரே விடை வந்தாலும் தோற்காத கோட்பாட்டைச் சோதித்துப் பார்ப்பது எப்படி? தவிர, வாசலில் சாக்கடை ஓடுவதால் வரும் அக்கறை ஏன் ஒரு படி தாழ்ந்தது என்பதும் எனக்குப் புரியவில்லை.

இனி, கேட்கப்படும் கேள்விக்கு வருவோம். உலக விழுமியக் கணிப்பு பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி ஏறக்குறைய இதுதான்: வளர்ச்சி குறைந்து சில வேலைகள் போனாலும் சுற்றுச்சூழலைக் காப்பதே முதன்மை என்கிறீர்களா, அல்லது சுற்றுச்சூழல் ஓரளவு கெட்டாலும் வளர்ச்சியும் வேலைவாய்ப்புமே முதன்மை என்கிறீர்களா? எத்தனை வேலை, யாருடைய வேலை, எந்த ஊரில் என்பது கேள்வியில் இல்லை. கல்யாணப் பந்தியில் “பாயசம் போடட்டுமா?” என்று கேட்டால் வேண்டாம் என்பவர் குறைவு, ஓட்டலில் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் பதில் வேறு. நம் கணிப்புகளில் பெரும்பாலானவை பந்தியில் எடுக்கப்பட்டவை.

அமெரிக்காவில் கேலப் நிறுவனம் இதே போன்ற கேள்வியை 1984 முதல் கேட்டுவருகிறது. கால் நூற்றாண்டு காலம் சுற்றுச்சூழலே முந்திவந்தது. 2009-ல்தான் முதன்முறையாகப் பொருளாதாரம் முந்தியது. வங்கிகள் சரிந்து, வேலையிழப்பு வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்த நேரம் அது. ஒரே நாடு, ஒரே மக்கள். விழுமியம் ஒரு வருடத்தில் மாறியிருக்காது. கேள்வியில் இருந்த ‘வேலை’ என்ற சொல் திடீரென்று ஒரு முகத்தைப் பெற்றுவிட்டது, அவ்வளவுதான். அதே அமெரிக்காவில் 1970-ல் தூய காற்றுச் சட்டத்தை செனட் 73-0 என்று நிறைவேற்றியது. இன்று அந்த அவையில் ஒரு சூழல் சட்டத்துக்கு அப்படி ஒரு எண்ணிக்கையைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. சூழல் அக்கறை அங்கே கட்சி அடையாளத்தோடு ஒட்டிக்கொண்டது. ‘அமெரிக்கர்களின் மனநிலை’ என்று ஒற்றை எண்ணைச் சொல்வது, இரண்டு நாடுகளின் சராசரியைச் சொல்வதற்குச் சமம்.

எனவே விலை சொல்லிக் கேட்ட இடங்களைப் பார்ப்பது நல்லது. அப்படிப்பட்ட இடங்கள் உலகில் நிறைய இல்லை. மக்கள் வாக்கெடுப்பு நடத்தும் சில நாடுகளே நமக்குக் கிடைக்கும் ஆய்வுக்கூடம்.

ஆஸ்திரியாவில் ட்ஸ்வென்டென்டோர்ஃப் என்ற ஊரில் அணுமின் நிலையம் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். இயக்குவதற்கு முன்பு, 1978 நவம்பர் 5 அன்று, மக்களிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றவர்கள் 50.47 சதவீதம். வித்தியாசம் 30 ஆயிரம் வாக்குகளைத் தொடவில்லை. கட்டி முடித்த அந்த நிலையம் ஒருநாளும் ஓடவில்லை. இதைச் சூழல் உணர்வின் வெற்றி என்று பலர் எழுதுகிறார்கள். அதில் ஒரு பங்கு உண்மை. இன்னொரு பங்கு, அணு உலையை ஆதரித்த பிரதமர் புரூனோ க்ரைஸ்கி தன் பதவியையே இதில் பணயம் வைப்பதுபோலப் பேசியிருந்தார். அவரை வீட்டுக்கு அனுப்ப நினைத்த எதிர்க்கட்சிக்காரர்களும் ‘வேண்டாம்’ பெட்டியில் வாக்கைப் போட்டார்கள். அவர் பதவி விலகவில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் முன்பைவிட அதிக இடங்களோடு வென்றார். 30 ஆயிரம் வாக்குகளில் கதிர்வீச்சு அச்சம் எவ்வளவு, க்ரைஸ்கி எதிர்ப்பு எவ்வளவு என்று எந்தத் தராசிலும் பிரிக்க முடியாது.

சுவிட்சர்லாந்து இதைவிடத் தெளிவான உதாரணம். 2021 ஜூன் 13 அன்று அங்கே கார்பன் உமிழ்வுச் சட்டம் ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது. பெட்ரோல் லிட்டருக்கு அதிகபட்சம் 12 ராப்பென் (சுவிஸ் சென்ட்) கூடும். விமானச் சீட்டுக்கு 30 முதல் 120 பிராங்க் வரை கட்டணம். திரட்டிய பணத்தில் பெரும்பகுதியை மக்களுக்கே திருப்பித் தருவதாகவும் சட்டம் சொன்னது. 51.6 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதே நாளில் பூச்சிக்கொல்லிகளைக் கட்டுப்படுத்தும் இரண்டு முன்மொழிவுகளும் வாக்குச்சீட்டில் இருந்தன. அவற்றைத் தோற்கடிக்க உழவர்கள் கிராமம் கிராமமாகத் திரண்டு வந்தார்கள்; வந்தவர்கள் கார்பன் சட்டத்துக்கும் சேர்த்து ‘இல்லை’ எழுதிவிட்டுப் போனார்கள். பேருந்தும் ரயிலும் வாசலுக்கு வரும் சூரிக் நகரவாசிக்கு 12 ராப்பென் ஒரு பொருட்டில்லை. மலைக்கிராமத்தில் காரை நம்பி வாழ்கிறவருக்கு அது மாதச் செலவு.

இரண்டே ஆண்டுகளில், 2023 ஜூன் 18 அன்று, அதே மக்களிடம் இன்னொரு சட்டம் வந்தது. 2050-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவது இலக்கு. இலக்கைப் பார்த்தால் முந்தையதைவிடப் பெரிது. ஆனால் புதிய வரி எதுவும் இல்லை. எண்ணெயில் எரியும் வீட்டுச் சூடேற்றிகளை மாற்றப் பத்து ஆண்டுகளில் 200 கோடி பிராங்க் மானியம். தொழிற்சாலைகளின் புதிய தொழில்நுட்பத்துக்கு 120 கோடி. 59.1 சதவீதம் பேர் சரி என்றார்கள். இடையில் சில விஷயங்கள் நடந்திருந்தன, மறுக்கவில்லை. உக்ரைன் போர் எரிவாயு பற்றிய பயத்தைக் கிளப்பியிருந்தது. 2022-ல் மட்டும் ஆல்ப்ஸ் பனியாறுகள் சுவிஸ் பகுதியில் தங்கள் பருமனில் 6 சதவீதத்தை இழந்திருந்தன. ஆனாலும் 2025 பிப்ரவரியில், நாட்டின் நுகர்வு முழுவதையும் பத்தாண்டுகளில் பூமியின் தாங்குதிறனுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற முன்மொழிவு வந்தபோது கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று வாக்கெடுப்புகள், மூன்று விதமான பதில்கள். சுவிஸ் மக்களின் ‘சூழல் மனநிலை’ எது என்று கேட்டால் எந்த எண்ணைத் தருவீர்கள்?

பிரான்ஸில் வாக்கெடுப்பு நடக்கவில்லை, தெருவே வாக்குப்பெட்டியானது. 2019 ஜனவரியில் டீசல் வரி லிட்டருக்கு 6.5 சென்ட் உயரவிருந்தது. 2018 நவம்பர் 17 அன்று மஞ்சள் அங்கி அணிந்தவர்கள் சாலைச் சந்திப்புகளை மறித்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் அரசு உயர்வைக் கைவிட்டது. பிரெஞ்சுக்காரர்களுக்குப் பருவநிலை பற்றி அக்கறை இல்லை என்று அன்றைக்கு வெளிநாட்டுப் பத்திரிகைகள் சில எழுதின. அதே டிசம்பரில், பருவநிலை விஷயத்தில் அரசு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று அதை நீதிமன்றத்துக்கு இழுக்கும் ஒரு மனுவில் சில வாரங்களுக்குள் 20 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். மஞ்சள் அங்கிக்காரர்களின் கோரிக்கைப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இது முரணாகத் தெரியாது. அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் மக்ரோன் அரசு பணக்காரர்களுக்கான சொத்து வரியைச் சுருக்கி, நிலம் கட்டிடங்களுக்கு மட்டும் என்று ஆக்கியிருந்தது. அந்தப் பக்கம் விட்டுக்கொடுத்ததை இந்தப் பக்கம் எங்கள் டீசல் டாங்கில் பிடிக்கிறாயா என்பதே கேள்வி.

ஸ்வீடன் 1991-லேயே கார்பன் வரி போட்டது. இன்றும் உலகின் மிக உயர்ந்த கார்பன் வரிகளில் அது ஒன்று. அங்கே சாலைகள் மறிக்கப்படவில்லை. வரி வந்தபோது வருமான வரி குறைந்தது ஒரு காரணம். அரசு வாங்கும் பணம் எங்கே போகிறது என்பதில் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை இன்னொன்று. மால்கம் ஃபேர்பிரதரும் அவருடைய சகாக்களும் 23 ஐரோப்பிய நாடுகளின் கணிப்பை வைத்து 2019-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பருவநிலை மாற்றம் உண்மை, ஆபத்தானது என்று நம்புகிறவர்கள் எரிபொருள் வரியை ஆதரிப்பார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். அரசியல்வாதிகளை மக்கள் நம்பும் நாடுகளில் அது நடக்கிறது. நம்பாத நாடுகளில் அந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பு நைந்துபோகிறது. பருவநிலையை நம்புவார்கள், நிதியமைச்சரை நம்ப மாட்டார்கள். இன்று நான் சொல்ல வந்ததில் பாதி இந்தக் கட்டுரைக்குள் அடங்கிவிடும்: நாட்டுக்கு நாடு மாறுவது இயற்கை மீதான அன்பு என்பதைவிட, செலவு யார் தலையில் விழும், வசூலிக்கிறவர் யோக்கியரா என்ற கணக்கு.

அன்பில்லாமலும் நடத்தை மாறும் என்பதற்கு நார்வே சாட்சி. எண்ணெயும் எரிவாயுவும் விற்றுச் செல்வம் சேர்த்த நாடு அது. 2024-ல் அங்கே விற்ற புதிய கார்களில் 100-க்கு 89 மின்சாரக் கார்கள். பெட்ரோல் காருக்குக் கடும் வரி, மின்சாரக் காருக்குப் பல ஆண்டுகள் 25 சதவீத மதிப்புக்கூட்டு வரியிலிருந்து விலக்கு. அயர்லாந்து 2002 மார்ச்சில் கடைகளில் தரும் பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வரி போட்டது. பைகளின் பயன்பாடு சுமார் 90 சதவீதம் விழுந்தது, யாரும் தெருவுக்கு வரவில்லை. வரி சிறியது, கண்ணுக்குத் தெரிவது. வீட்டிலிருந்து பை எடுத்துப் போனால் கட்டவே வேண்டாம்.

பணக்கார நாடுகளை விட்டு ஈக்வடோருக்குப் போவோம். அமேசான் காட்டில் யாசுனி தேசியப் பூங்காவின் அடியில் எண்ணெய் இருக்கிறது. வெளியுலகத் தொடர்பை மறுத்து வாழும் தகாயெரி, தரோமெனானே மக்களின் இடமும் அதுதான். எண்ணெயை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுகிறோம், இழக்கும் வருமானத்தில் பாதியாக 360 கோடி டாலரை உலகம் தரட்டும் என்று 2007-ல் அதிபர் ரஃபேல் கொர்ரேயா கேட்டார். கணிப்புகளில் தரவரிசையின் உச்சியில் இருக்கும் நாடுகள் எல்லாம் இருந்த உலகம்தான் அது. ஆறு ஆண்டுகளில் கைக்கு வந்த தொகை கேட்டதில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 2013-ல் அவர் திட்டத்தைக் கைவிட்டுத் துளையிட உத்தரவிட்டார். இளைஞர்கள் திரண்டு, வாக்கெடுப்பு கோரி லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள். தேர்தல் ஆணையம் பெரும்பகுதியைச் செல்லாது என்றது. பத்தாண்டு வழக்காடி, அரசியல் சாசன நீதிமன்றத்தின் அனுமதியோடு 2023 ஆகஸ்ட் 20 அன்று வாக்கெடுப்பு நடந்தது. ஏற்றுமதி வருமானத்துக்கு எண்ணெயை நம்பியிருக்கும் அந்த நாட்டில் சுமார் 59 சதவீதம் பேர் எண்ணெயை மண்ணிலேயே விடச் சொன்னார்கள்.

இதை ஏழை நாட்டின் தியாகம் என்று கைதட்டிவிட்டு நகர முடியாது. எண்ணெய் வயல் அமைந்திருக்கும் ஒரெயானா மாகாணத்தில் பெரும்பான்மை வாக்கு எண்ணெய் எடுப்பதற்குச் சாதகமாகவே விழுந்தது. தலைநகர் கீட்டோவில் வாழ்கிறவருக்கு இழப்பு என்பது பட்ஜெட்டில் ஒரு வரி. ஒரெயானாக்காரருக்கு அது வேலையும் சாலையும் மருந்தகமும். அந்தக் காட்டில் வாழும் வவோரானி பழங்குடிகளுக்குள்ளேயே இரு தரப்பு இருந்தது. முதல் கிணற்றை மூடவே 2024 ஆகஸ்ட் ஆயிற்று.

வாக்குப்பெட்டியும் கணிப்பாளரும் வராத இடங்களில் மனநிலை வேறு வழியில் வெளிப்படும். 1973-ல் உத்தராகண்ட் மலையில், உழவுக் கருவி செய்ய ஆஷ் மரம் கேட்ட உள்ளூர்க் கூட்டுறவுக்கு வனத்துறை மறுத்துவிட்டு, வெளியூர் விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றுக்கு மரங்களை ஒதுக்கியது. மரங்களைக் காக்கும் சிப்கோ இயக்கம் அங்கே முளைத்தது. அடுத்த ஆண்டு ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் உடன் வந்த பெண்களும் வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். மரம் யாருக்கு என்பதில் தொடங்கிய சண்டை அது. ராமச்சந்திர குஹாவும் ஜோன் மார்டினெஸ் அலியேவும் ‘ஏழைகளின் சூழலியல்’ என்று பெயரிட்டது இதைத்தான். அணு உலை விஷயத்திலும் இதே நிலைதான். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுக்குஷிமா அணுமின் நிலையம் வெடித்தபின் இத்தாலியர்கள் ஜூனில் வாக்களித்தார்கள், 94 சதவீதம் அணுமின்சாரத்துக்கு எதிராக. ஜெர்மனி தன் உலைகளை மூட முடிவெடுத்தது. அதே ஆண்டு நம் இடிந்தகரையில், பக்கத்து அணுமின் நிலையத்தை எதிர்த்து மீனவர்கள் பந்தலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு வாக்குச்சீட்டு தரப்படவில்லை, வழக்குகள் தரப்பட்டன. மூன்றும் ஒரே விபத்துக்கு எழுந்த எதிர்வினை. நம் ஒப்பீட்டு அட்டவணைகளில் முதலிரண்டுக்கே இடம் உண்டு.

அட்டவணை யாரை விட்டுவிடுகிறது என்பதற்கு இன்னொரு சான்று. 2007, 2008 ஆண்டுகளில் கேலப் 119 நாடுகளில் எடுத்த தரவுகளை ஆராய்ந்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. உலகில் வயது வந்தவர்களில் 40 சதவீதம் பேர் பருவநிலை மாற்றம் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. இந்தியா, வங்கதேசம், எகிப்து போன்ற நாடுகளில் அது 65 சதவீதத்துக்கும் மேல். இதைப் பார்த்து அறியாமை என்று எழுதிவிடலாம். ஆனால் அதே கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது: ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளில் ஆபத்தை உணர்வதற்கு முக்கியக் காரணமாக இருந்தது தங்கள் ஊர் வெப்பம் மாறியிருக்கிறது என்ற நேரடி உணர்வு. மழை பருவம் தப்புவதை வரப்பில் நின்று பார்த்தவருக்கு, அந்தச் செய்தியின் பட்டணத்துப் பெயர் போய்ச் சேரவில்லை.

2024-ல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்லி முடிவை நோக்கி நகர்கிறேன். 125 நாடுகளில் சுமார் 1,30,000 பேரிடம், பருவநிலையைக் காக்க மாத வருமானத்தில் 1 சதவீதம் தருவீர்களா என்று கேட்டார்கள். 69 சதவீதம் பேர் தருவோம் என்றார்கள். உங்கள் நாட்டில் எத்தனை பேர் தருவார்கள் என்று கேட்டால், சராசரி யூகம் 43 சதவீதம். வருமானம் குறைந்த, வெயில் மிகுந்த நாடுகளில் விருப்பம் கூடுதலாகவும், பணக்கார நாடுகளில் குறைவாகவும் இருந்தது. 1 சதவீதம் என்பதும் வாய்வார்த்தைதான், யாரும் பணப்பையைத் திறக்கவில்லை என்பதால் முதல் எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது எண். அண்டை வீட்டுக்காரர் ஏமாற்றிவிடுவார் என்ற சந்தேகம் 125 நாடுகளுக்கும் பொதுவாக இருக்கிறது. ஆட்சியாளர்கள் ‘மக்கள் தயாராக இல்லை’ என்று சொல்லித் தப்பிக்க இந்தச் சந்தேகமே போதும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உலக விழுமியக் கணிப்பின் தரவுகள் இலவசம். இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம், இந்தியத் தரவும் அதில் உண்டு. அடுத்த ஆய்வேட்டில் நாடுகளை வரிசைப்படுத்தும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள், அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ஒரு நாட்டுக்குள்ளேயே, செலவு விழுகிற இடத்தையும் விழாத இடத்தையும் பிரித்து எடுத்து ஒப்பிடுங்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசுகிறவரிடமும் அங்கிருந்து வரும் மின்சாரத்தில் குளிர்சாதனம் ஓட்டும் நம்மிடமும் ஒரே கேள்வியை, விலையைச் சொல்லி, வசூலிப்பவர் யார் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். கிடைக்கும் பதில்களைத் தமிழிலேயே வெளியிடுங்கள்.